பதினாலு சீட்டு

அஞ்சரைக்குப் பல்லடத்தில் இன்னும் வெளிச்சம் வரவில்லை.
மைதானத்துக்கு அக்கட்டால
ராத்திரி ஷிப்டு முடியாமல் ஓடுகின்றன தறிகள்.
அந்தச் சத்தத்துக்கே கை தூக்கிப் பழகிவிட்டோம்:
டக்கடக் மேலே, டக்கடக் கீழே.

"குனிஞ்சு பெருவிரலைத் தொடுங்" என்கிறார் மாஸ்டர்.
"யாரோட பெருவிரலைங்?" என்கிறது பின்வரிசை.
மாஸ்டர் என்றால் டெய்லர் மாஸ்டர்.
உடற்பயிற்சி அவர் யூட்யூபில் படித்தது.

வால்பாறை என்று முதலில் சொன்னது யார் என்பதை
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.
மூன்று வாரமாக அதுதான் பேச்சு.
கழுத்தைச் சுழற்றும்போது நாள் குறிப்போம்,
இடுப்பைச் சுழற்றும்போது மாற்றுவோம்.
இந்த ஞாயிறு யார் வீட்டிலோ காதுகுத்து.
அடுத்த ஞாயிறு அமாவாசை, கறி ஆகாது.
கறி இல்லாம எதுக்குங் வால்பாறை என்று கேட்ட அம்மாவுக்குத்தான்
கொலஸ்ட்ரால் முந்நூறு.

"நாப்பது வளைவுங். எனக்கு ஒம்பதாவதுலயே வந்துருமுங்."
"எலுமிச்சங்காய மோந்துக்கங்."
"போன தடவ எலுமிச்சங்காயும் சேந்து வந்துருச்சுங்."
இன்றைக்குச் சிரிப்புப் பயிற்சி தனியாக வேண்டாம்
என்று விட்டுவிட்டார் மாஸ்டர்.

வேன் பேசியாயிற்று.
பதினாலு சீட்டு, தலைக்குத் தொள்ளாயிரம்,
டிரைவர் சாப்பாடு நம்முது.
அரிசியும்பருப்புஞ்சாதம் வலதுமுட்டி அக்கா வீட்டில்.
ஊறுகாய் கொண்டுவருவதாக மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.
தண்ணிக்கேன் யாரும் சொல்லவில்லை.

ஆழியாறு செக்போஸ்ட்டில் கேட்பாங்க,
பேரெல்லாம் எழுதிக் குடுத்துருங் என்றிருந்தான் வேன்காரன்.
பேனா என்னிடம்தான் இருந்தது.
நூல் குடோனில் கணக்கெழுதுகிறவள்,
அதனால் இங்கே நான் கணக்கக்கா.
கரண்டு பில்லைத் திருப்பி
ஒன்று முதல் பதினாலு வரை எண் போட்டேன்.
முதல் எண்ணிலேயே பேனா நின்றுவிட்டது.

நாலு வருடம்.
பத்து ரவுண்டுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றெழுபது, தெரியும்.
வலதுமுட்டி அக்காவின் மருமகள்
வேண்டுமென்றே உப்பைக் குறைக்கிறாள், தெரியும்.
நீலத்தொப்பி எந்தக் கனவில் அலறி எழுந்தார்
என்பதுகூடத் தெரியும், பல் முளைத்த ஆடு.
பேர்?

"எம்பேருங்களா?"
ரேஷன் கடையில் நிற்பதுபோல் நின்று
தொப்பியைக் கழற்றினார் நீலத்தொப்பி.
"அர்த்தநாரிங்."
தலையில் பாதி வழுக்கை. அதுவும் அன்றுதான் பார்த்தோம்.

பத்து ரவுண்டு, சென்னியப்பன்.
ஆறுக்கு மேல் அவர் சுற்றி யாரும் பார்த்ததில்லை.
கொலஸ்ட்ரால் முந்நூறு, மனோன்மணி.
மாஸ்டர், முபாரக் அலி.
வலதுமுட்டி அக்கா சித்த யோசித்தார்.
"ஊட்டுல தெய்வானை. ஆதார்ல தெய்வாத்தா.
ரெண்டையும் எழுதிப்போடு கண்ணு, எதுக்கு வம்பு."
"அப்ப உங்களுக்கு ரெண்டு சீட்டுக் காசுங்" என்றார் சென்னியப்பன்,
அதாவது பத்து ரவுண்டு.

பேரைச் சொல்லிவிட்டு ஆளாளுக்குக் கொஞ்ச நேரம்
கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்,
புதுச்சட்டை போட்டு போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி.
யாரும் கால் நீட்டவில்லை.
தறிகள் மட்டும் டக்கடக், டக்கடக்.

பதிமூணு ஆயிற்று.
"பதினாலு யாருங்?"
ஒருவரை ஒருவர் எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள்.
"அட, கணக்கக்கா! உங்க பேருங்?"

வாயைத் திறந்தேன்.
பொள்ளாச்சி ரோட்டில் கோழி லாரி
ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு போனது,
கூண்டு கூண்டாக, கூண்டு கூண்டாக.
அதன் பின்னாலேயே இரண்டு வெள்ளை இறகுகள்
அவசரமில்லாமல் மைதானத்துக்குள் வந்தன.

"என்னங்? கேக்கலீங்."
"மறுக்காச் சொல்லுங்."

"தண்ணிக்கேன் நாங் கொண்டாறனுங்" என்றேன்,
முதலில்.